பொறுத்திருந்தால் போகும் பணம்

2024 ஜனவரி இறுதியில் கோவையை அடுத்த நீலம்பூரில் நெடுஞ்சாலையோரம் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். செல்போனில் விளம்பரம் பார்த்தால் தினமும் காசு வரும் என்று சொல்லி ஆள் சேர்த்த மைவி3 ஆட்ஸ் நிறுவனத்தின் மீது காவல்துறை வழக்குப் பதிந்திருந்த நேரம். வந்தவர்கள் போட்ட பணத்தைக் கேட்டு வரவில்லை. கம்பெனிக்கு ஆதரவாக வந்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு, திட்டியவர்களும் உண்டு. எனக்கு அதை வெறும் முட்டாள்தனம் என்று தள்ளிவிடத் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனி நடக்கும்வரைதான் பணம் வரும், போலீஸ் உள்ளே நுழைந்தால் எல்லாம் முடங்கிவிடும், ஆகவே புகார் கொடுப்பவன்தான் நம் பணத்துக்கு எதிரி.

வட தமிழ்நாட்டுக்கு இந்தக் கணக்கு நன்கு பழகியது. ஆருத்ரா கோல்டு டிரேடிங் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களிடம் சுமார் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது வழக்கு. 2022 மே மாதம் சோதனை நடந்த இடங்களில் காஞ்சிபுரம் மாவட்டமும் உண்டு. வேலூர்ப் பக்கம் ஐ.எஃப்.எஸ்., சென்னையில் ஹிஜாவு என்று இதேபோன்ற முதலீட்டு நிறுவனங்கள் அதே காலத்தில் அடுத்தடுத்து வெடித்தன. 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டில் முதிர்வுத் தொகை வரவில்லை என்று புகார் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். அதன் நிர்வாக இயக்குநர் 2024 ஆகஸ்டில் கைதானார். எல்லா இடத்திலும் வீட்டுக்குள் கேட்ட பேச்சு ஒன்றுதான்: "கம்ப்ளெயின்ட் கொடுத்தா வர்றதும் நின்னுடும், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்."

அந்தப் பொறுமைக்கு அன்றைக்கு ஓரளவு நியாயம் இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பணம் வாங்கியவனுக்கு முகம் இருந்தது. ஆபீஸ் இருந்தது, ஏஜென்ட் பக்கத்துத் தெருக்காரராகவோ சொந்தக்காரராகவோ இருந்தார், கம்பெனி பெயரில் நிலமும் கட்டடமும் இருந்தன. 1990களின் ஃபைனான்ஸ் கம்பெனிச் சரிவுகளுக்குப் பிறகு வந்த 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் அந்தச் சொத்தைத்தான் குறிவைத்தது. முடக்கு, ஏலம் விடு, பங்கிட்டுக் கொடு. 2011இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆறு மாதம் தாமதமாகப் போனாலும் பொருளாதாரக் குற்றப்பிரிவில் மனு வாங்கிக்கொள்வார்கள். நிலம் எங்கும் ஓடிவிடாது.

இப்போது வாட்ஸாப் வழியே வரும் முதலீட்டு மோசடியில் ஏலம் விட எதுவுமே இல்லை. இருப்பது வங்கிக் கணக்குகளுக்கு இடையே நகர்ந்துகொண்டிருக்கும் பணம் மட்டும். அது எந்தக் கணக்கிலாவது நிற்கும் சில நிமிடங்களுக்குள், அல்லது சில மணி நேரத்துக்குள், பிடித்தால் உண்டு. பழைய மோசடிகள் நம் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பொறுமை, புதிய மோசடிக்காரனுக்குக் கிடைத்த பெரிய உதவி. இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவுதான். ஆனால் அதை இருங்காட்டுக்கோட்டையில் வைத்துப் பார்த்தால் இன்னும் சில விஷயங்கள் தெரிகின்றன.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கும் இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் இரண்டு விஷயங்களுக்காக அறிவார்கள்: 1990இல் வந்த மோட்டார் பந்தயத் தடம், 1996இல் கால் ஊன்றி 1998இல் கார் வெளியே விட்ட ஹூண்டாய் ஆலை. அதைத் தொடர்ந்து ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம்–வடகால், பிள்ளைப்பாக்கம் என்று சிப்காட் விரிந்தது. ஏரிப்பாசன நிலத்தில் நெல் போட்டவர்கள் நிலத்தை விட்டார்கள். சிலருக்கு இழப்பீடு, சிலருக்கு வீட்டுமனை வியாபாரத்தில் கிடைத்த பணம். பரந்தூர் விமான நிலையத்துக்காக அதே மாவட்டத்தில் நிலம் மீண்டும் கைமாறத் தொடங்கியிருக்கிறது. வாழ்நாள் முழுக்க அறுவடைக்கு அறுவடை, சம்பளத்துக்குச் சம்பளம் என்று பணம் பார்த்தவர் கையில் ஒரே நாளில் மொத்தத் தொகை விழுகிறது. பாஸ்புக்கில் அந்த எண்ணைப் பார்க்கும்போது மகிழ்ச்சியோடு கூடவே ஒரு பயமும் வரும். சும்மா கிடந்தால் கரைந்துவிடுமே என்ற பயம். மோசடிக்காரன் ஆசையைத் தூண்டுகிறான் என்று எப்போதும் சொல்கிறோம். முதியவர்களிடம் அவன் தொடுவது பெரும்பாலும் இந்தப் பயத்தைத்தான்.

அடுத்த அலை இனிமேல்தான் வரப்போகிறது. 1998இல் 22 வயதில் ஆலைக்குள் போனவர் 58இல் ஓய்வு பெறுவார் என்று வைத்துக்கொண்டால், அது 2034. இந்தத் தொழில் வழித்தடத்தின் முதல் தலைமுறை நிரந்தரத் தொழிலாளர்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி என்று மொத்தத் தொகையோடு வீட்டுக்கு வரப்போகிற பத்தாண்டு இது. இவர்கள் ஸ்மார்ட்போன் தெரியாதவர்கள் அல்லர். ரோபோ வெல்டிங் செய்யும் லைனில் நின்றவர்கள். யூபிஐ இவர்களுக்குத் தண்ணி பட்ட பாடு. அதனாலேயே 'பெரியவர்களுக்கு டெக்னாலஜி தெரியாது' என்ற வழக்கமான விளக்கம் இங்கே உதவாது. 2024 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரே ஒரு போலி பங்கு வர்த்தக வாட்ஸாப் குரூப்பில் சேர்ந்து 90 லட்சம் ரூபாய் இழந்தார். வாழ்நாள் முழுக்கச் சாட்சியங்களை எடைபோட்டவர் அவர்.

மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2024 ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான கணக்கை வெளியிட்டது. பங்கு வர்த்தகம் என்ற பெயரில் நடந்த மோசடியில் 20,043 புகார்கள், இழப்பு 1,420 கோடி. 'வீட்டிலிருந்தே வேலை, சின்ன முதலீடு' வகையில் 62,687 புகார்கள், இழப்பு 222 கோடி. வகுத்துப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு உலகம் என்று புரியும். பின்னதில் ஒரு புகாருக்குச் சராசரியாகச் சுமார் 35,000 ரூபாய். முன்னதில் ஏழு லட்சம். சராசரிகள் ஏமாற்றும், வயதுவாரியான பிரிவும் அந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் ஏழு லட்சம் என்பது வேலை தேடும் பையனின் சேமிப்புக் கணக்கில் கிடக்கும் தொகை அன்று. எங்கிருந்தோ மொத்தமாக வந்த பணத்தின் அளவு அது.

இனி அது நடக்கும் விதம். முகநூலில் ஒரு வீடியோ. நிதியமைச்சரோ பெரிய தொழிலதிபரோ பேசுவதுபோல் செயற்கை நுண்ணறிவால் செய்தது. தட்டினால் வாட்ஸாப் குரூப். அதில் நூறு, நூற்றைம்பது பேர். 'புரொபசர்' அல்லது 'சார்' ஒருவர் காலையும் மாலையும் பாடம் எடுப்பார், உதவியாளராக ஒரு பெண் தனியாக மெசேஜ் அனுப்பி மருந்து சாப்பிட்டீர்களா என்றுகூட விசாரிப்பார். மற்றவர்கள் லாபம் வந்த ஸ்கிரீன்ஷாட் போட்டு நன்றி சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அந்த நூற்றைம்பது பேரில் நிஜமான ஆள் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்கலாம். முதல் இரண்டு வாரம் யாரும் பணம் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் அந்த இரண்டு வாரத்தின் வேலை.

பிறகு லிங்க் வழியாக ஓர் ஆப். அதில் போட்ட ஐம்பதாயிரம் எழுபதாயிரமாகத் தெரியும். எடுத்துப் பாருங்கள் என்று அவர்களே சொல்வார்கள். ஐயாயிரமோ பத்தாயிரமோ உண்மையாகவே வங்கிக் கணக்குக்கு வரும். சந்தேகப்பட்ட மனைவியையும் மகனையும் வாயடைக்கிற சாட்சி அந்தப் பத்தாயிரம். அது இன்னொருவர் இழந்த பணத்திலிருந்து எடுத்துப் போட்டது. அதன்பின் ஐ.பி.ஓ., அதாவது புதிய பங்கு வெளியீடு, என்பார்கள். 'உங்களுக்கு ஆறு லட்சத்துக்கு அலாட் ஆகிவிட்டது, கணக்கில் நான்குதான் இருக்கிறது, மீதியைக் கட்டாவிட்டால் எல்லாம் முடங்கும்.' நகை அடகுக் கடைக்குப் போவது இந்த இடத்தில்தான். கடைசியில் மொத்தத்தையும் எடுக்கக் கேட்டால் லாபத்தில் 20 சதவீதம் வரி, அப்புறம் சர்வீஸ் சார்ஜ், அப்புறம் சரிபார்ப்புக் கட்டணம். உண்மையில் பெரும் நஷ்டம் பலருக்கு இந்தக் கடைசிக் கட்டத்தில் வருகிறது. உள்ளே இருப்பதாகத் தெரியும் முப்பது லட்சத்தைக் காப்பாற்ற, கையில் இருக்கும் ஐந்து லட்சத்தைக் கொடுக்கிறார்கள்.

'அதிக லாபம் சொன்னால் நம்பாதே' என்ற எச்சரிக்கை இங்கே பெரிதாக வேலை செய்யாது. எது அதிகம் என்பது மனிதருக்கு மனிதர் மாறும். முதியோர் சேமிப்புத் திட்டத்தில் அரசு தருவது ஆண்டுக்கு 8.2 சதவீதம், அதிலும் 30 லட்சம்வரைதான் போடலாம் என்பதை அறிந்தவருக்கே மாதம் ஐந்து சதவீதம் கண்ணை உறுத்தும். அதைவிட, பணம் எந்த வழியாகப் போகிறது என்று பார்ப்பது எளிது. பங்குச் சந்தையின் நிஜமான நடைமுறை சில இடங்களில் மிகக் கறாரானது. ஐ.பி.ஓ.வுக்கு விண்ணப்பித்தால் பணம் யாருக்கும் போகாது; நம் சொந்த வங்கிக் கணக்கிலேயே நிறுத்திவைக்கப்படும், பங்கு கிடைத்தால் மட்டும் கழியும். ஆகவே ஐ.பி.ஓ.வுக்குப் பணம் அனுப்பச் சொல்கிற எவரும் பொய்யர். பங்கு வாங்கினால் அது நம் பெயரில் டீமேட் கணக்கில் ஏறும். அதை வைத்திருக்கும் என்.எஸ்.டி.எல். அல்லது சி.டி.எஸ்.எல்.லிடமிருந்து நமக்கு நேரடியாக அறிக்கை வரும். ஆப் காட்டுகிற பங்கு அந்த அறிக்கையில் இல்லையென்றால் அது எங்குமே இல்லை. லாபத்துக்கான வரியை நாம்தான் வருமான வரித்துறைக்குக் கட்டுகிறோம். பணத்தை எடுக்க முன்கூட்டியே வரி வசூலிக்கும் தரகர் என்று இந்தியாவில் ஒருவரும் இல்லை. இந்தியாவில் வசிப்பவருக்கு வெளிநாட்டு நிதி நிறுவனக் கணக்கு வழியே தள்ளுபடியில் பங்கு வாங்கித் தருவதாகச் சொல்வதும் பொய் என்று 2024 பிப்ரவரியில் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி தனியாகவே எச்சரித்தது.

எல்லாவற்றையும்விடப் பளிச்சென்ற அடையாளம், பணம் போய்ச் சேரும் கணக்கு. திங்கட்கிழமை ஏதோ டிரேடர்ஸ், புதன்கிழமை யாரோ தனிநபர், வெள்ளிக்கிழமை வேறு மாநிலத்தில் ஒரு எண்டர்பிரைசஸ். நிஜத் தரகு நிறுவனம் தினம் ஒரு பெயரில் பணம் வாங்காது. 2025 அக்டோபர் 1 முதல் பதிவுபெற்ற நிறுவனங்களின் யூபிஐ முகவரியில் 'வேலிட்' என்ற சொல் வரும்படி செபி செய்திருக்கிறது. பணம் அனுப்பும்போது பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் தெரியும். வங்கிக் கணக்கு எண்ணாக இருந்தால் 'செபி செக்' என்ற வசதியில் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் 'சார்' மேல் வைத்த நம்பிக்கையில் யாரும் இதைச் செய்வதில்லை.

பெருந்தொகை பெரும்பாலும் செல்போனில் போவதில்லை. யூபிஐ வரம்பு தடுக்கும். ஆகவே பெரியவர் வங்கிக் கிளைக்குப் போகிறார், எஃப்.டி.யை உடைக்கிறார், ஆர்.டி.ஜி.எஸ். படிவம் நிரப்புகிறார். அந்தப் பயணத்தில் அவர் சந்திக்கும் கடைசி மனிதர் கவுன்டரில் இருப்பவர். 2024இல் ஹைதராபாத்தில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று போலிப் போலீஸ்காரர்களால் மிரட்டப்பட்ட மருத்துவர் ஒருவர் பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் வைப்புத்தொகையை உடைக்க வந்தார். ஊழியர் கேட்டபோது சொத்து வாங்கப்போவதாகச் சொன்னார். அப்படிச் சொல்லச் சொல்லி மிரட்டியவர்கள் ஏற்கெனவே பாடம் நடத்தியிருந்தார்கள். கிளையினர் விடாமல் கேள்வி கேட்டு, நேரம் கடத்தி, 13 லட்சத்தைக் காப்பாற்றினார்கள். சம்பள நாளில் வரிசை வாசல்வரை நிற்கும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிளையில் அந்தக் கேள்விகளுக்கு நேரம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மோசடிக்காரன் பயிற்சி கொடுத்து அனுப்பிய பொய்யைப் பிடிக்க வேறு இடமும் இல்லை.

ஏமாந்தது தெரிந்த பிறகு என்ன நடக்கிறது? பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. நாட்கள் ஓடுகின்றன. மகளுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், மருமகன் முன்னால் தலைகுனிவு, மகன் ஷிப்ட் முடிந்து தூங்குகிறான், அவனிடம் எப்படிச் சொல்வது. இதற்கு நடுவே அதே 'சார்' வேறு பேச்சு பேசுகிறார்: போலீஸுக்குப் போனால் உங்கள் கணக்கும் முடங்கும், இன்னும் இரண்டு லட்சம் கட்டுங்கள், மொத்தமும் வந்துவிடும். நீலம்பூர்க் கூட்டத்தின் கணக்கு இங்கே ஒற்றை ஆளின் தலைக்குள் ஓடுகிறது. அந்த நாட்களில்தான் பணம் கைவிட்டுப் போகிறது.

புகார் செல்லும் வழியைப் பார்த்தால் ஏன் அப்படி என்பது விளங்கும். 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் சொல்லும் விவரம் 2021இல் தொடங்கிய ஒரு பொதுத் தளத்தில் ஏறுகிறது. பணம் அனுப்பிய வங்கிக்கும் பெற்ற வங்கிக்கும் தகவல் போகிறது. பணம் அங்கே இருந்தால் அந்த அளவுக்கு நிறுத்திவைப்பார்கள். நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்கு, அதற்கடுத்த வங்கிக்கு என்று துரத்தல் தொடரும். மோசடிக்காரன் ஒரு லட்சத்தைப் பத்துக் கணக்குகளாகச் சிதறடித்து, ஏ.டி.எம்.மில் எடுத்து அல்லது கிரிப்டோவாக மாற்றிவிட்டால் துரத்தல் அங்கே முடிகிறது. அழைக்கும்போது கையில் வேண்டியவை கொஞ்சம்தான்: எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு, எப்போது, அந்தப் பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண். ஸ்கிரீன்ஷாட், குரூப் உரையாடல், ஆப் லிங்க் எதையும் அழிக்கக் கூடாது. கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறி எல்லாவற்றையும் நீக்குகிறவர்கள் தங்கள் சாட்சியைத் தாங்களே அழிக்கிறார்கள். தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும். கைப்பேசியில் தட்டச்சு வராதவர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம். எந்தக் காவல் நிலையமும் எல்லை காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவு. தனியாக இருக்கும் முதியவருக்கு 14567 என்ற முதியோர் உதவி எண் வழிகாட்டும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு பிடிக்கிறது? 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கின்படி, தொடங்கியதிலிருந்து 17.82 லட்சம் புகார்களில் 5,489 கோடி ரூபாய் காப்பாற்றப்பட்டிருக்கிறது. 2024 ஒரே ஆண்டில் நாடு சைபர் மோசடிகளில் இழந்தது 22,845 கோடி. அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. காப்பாற்றியது சிறிது என்று தெரிகிறது. அப்படி நிறுத்திவைத்த பணமும் உடனே வீட்டுக்கு வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதை விடுவிக்கப் பெரும்பாலும் நீதிமன்ற உத்தரவு வேண்டும். அந்தக் காத்திருப்பில் இன்னொரு அழைப்பு வரும்: 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்கள்.' முதலில் ஏமாற்றியவர்களிடமே ஏமாந்தவர்களின் பட்டியல் இருக்கிறது.

பணம் சிதறும் அந்தக் கணக்குகள் யாருடையவை? 2025 ஜூனில் சோதனை நடத்திய சி.பி.ஐ., 700க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகளில் சுமார் 8.5 லட்சம் வாடகைக் கணக்குகள் தொடங்கப்பட்டதாகச் சொன்னது. பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, சிம் மூன்றையும் கொடுத்தால் கமிஷன் என்பதுதான் பேரம். ஒப்பந்தத் தொழிலாளிக்குச் சம்பளக் கணக்கு திறப்பதும் ஒப்பந்தம் முடிந்ததும் அது சும்மா கிடப்பதும் இந்த வழித்தடத்தில் தினசரி நிகழ்வு. இங்கே அப்படி விற்றார்கள் என்று குற்றம் சாட்டவில்லை. ஆனால் அறை எடுத்துத் தங்கும் இளைஞரிடம் யாராவது 'சும்மா இருக்கற அக்கவுன்ட்தானே' என்று கேட்டால், அதன் மறுமுனையில் இன்னோர் ஊரின் பெரியவரது கிராஜுவிட்டி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. போலீஸ் முதலில் கதவைத் தட்டுவது கணக்கு யார் பெயரிலோ அவருடைய கதவைத்தான்.

மெசேஜ் அனுப்புகிறவரும் சில சமயம் சிறைப்பட்டவர். டேட்டா என்ட்ரி வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு மியான்மரின் மியாவாடியில் உள்ள மோசடி மையங்களுக்குக் கடத்தப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் அதேபோன்ற மையங்களிலிருந்து விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்கள் மீட்டு வரப்பட்டார்கள்.

சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்ற கேள்விக்கு நம்மிடம் உள்ள பதில் முதியவருக்கு ஆறுதலானதல்ல. 2017ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை, நமக்குத் தெரியாமல் பணம் போய் மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் பொறுப்பு நமதல்ல என்றது. ஆனால் இங்கே கையெழுத்துப் போட்டு அனுப்பியவர் அவரே. பிரிட்டன் 2024 அக்டோபரிலிருந்து இப்படிச் சொந்தக் கையால் அனுப்பி ஏமாந்தவருக்கும் 85,000 பவுண்டுவரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்றது. அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி. பெற்ற வங்கிக்கும் பொறுப்பு என்றவுடன் வாடகைக் கணக்கு திறந்துவிடும் வங்கிக்குக் கூச்சம் வருகிறது. சிங்கப்பூர் வேறு வழி பிடித்தது. ஏமாறுகிறவர் நம்ப மறுத்தாலும், பணம் வெளியே போகாமல் தடுக்கும்படி வங்கிக்குக் காவல்துறை உத்தரவிடலாம் என்ற சட்டம் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஒரு மனிதர் தன் பணத்தைத் தானே செலவழிக்கும் உரிமையில் கைவைப்பதுதான் அது, கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹைதராபாத் கிளை அதைச் சட்டமில்லாமலேயே செய்தது.

இருங்காட்டுக்கோட்டையில் செய்யக்கூடியது இதைவிட எளிது. ஆலையில் ஒருவர் ஓய்வு பெறும்போது மனிதவளப் பிரிவு பி.எஃப். படிவம் தருகிறது, சங்கம் சால்வை போடுகிறது, பணம் எந்த வாரம் கணக்கில் ஏறும் என்று இருவருக்கும் தெரியும். அந்த வாரத்தில் வீட்டில் இன்னொருவரையும் உட்காரவைத்து, 1930 என்ற எண்ணைப் போனில் சேமிக்கச் செய்து, ஏமாந்தால் திட்டு விழாது என்று மகனையும் மகளையும் அவர் காதுபடச் சொல்லவைக்க அரை மணி நேரம் போதும். நில எடுப்பில் இழப்பீடு கொடுக்கும் வருவாய்த்துறை அலுவலகத்திலும் அதே அரை மணி நேரம் உண்டு.